பூனை படுத்திருக்கும் வீடு

தேன்கரட்டுப்பாளையத்தில் எங்கள் வீடு ஒரு பூனைக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது மொத்தம் பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் நான் அந்த வீட்டுக்குள்தான் சோறாக்கினேன், துணி துவைத்தேன், பிள்ளைக்குத் தலை பின்னினேன். அதனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறவர்களை விட்டுவிட்டு என்னிடம் கேளுங்கள், எல்லாம் ஆரம்பித்தது மூன்று கிலோ பூனைத் தீனியில்.

பூனையின் பெயர் ஜாங்கிரி. ஆரஞ்சு நிறம், சுருண்டு படுத்தால் சுவீட் கடைத் தட்டில் வைத்தது போலவே இருக்கும், என் நாலு வயது மகள் தன்ஷிகா வைத்த பெயர். நாங்கள் தின்றதில் மிச்சத்தைத்தான் அதுவும் குட்டியிலிருந்து தின்றது. முடி கொட்டுகிறதே என்று ஊர்க் கடையில் தீனி கேட்டேன், அங்கே நாய்த் தீனி மட்டும்தான் இருந்தது. "எல்லாம் ஒண்ணுதான் அம்மிணி, ரெண்டுக்கும் நாலு காலுதானே?" என்றார் கடைக்காரர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டிரண்டு கால்தான், அதற்காக அவர் செருப்பு எனக்குச் சேருமா?

சரி, போனிலேயே வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மிக்ஸி ஜாருக்கே மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள் நான், கண்ணுக்குத் தெரியாத கடையில் சும்மா வாங்கிவிடுவேனா. பையின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, முதலில் எழுதியிருப்பது கறியா மாவா என்று பார்த்தேன், குட்டிக்கா வளர்ந்ததற்கா என்று பார்த்தேன், விற்கிற ஆள் பெயரையும் ஊரையும் பார்த்தேன், எல்லாரும் ஒரே வாயால் பேசினது போல ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்த கடையை ஒதுக்கிவிட்டு, திட்டினவர்களும் மெச்சினவர்களும் கலந்து போட்டோவோடு எழுதியிருந்த கடையைப் பிடித்தேன், பாதி விலை என்று மினுமினுத்த இன்னொரு கடை முதலில் பணம் அனுப்பு என்றதும் நல்லா இருப்பா என்று வெளியே வந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்துத் தேதியைப் பார்த்த பிறகு ரகசிய எண் சொன்னால் போதும் என்று எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். இவ்வளவும் செய்தவள் முகவரியில் கோட்டை விட்டேன்.

எங்கள் புதுக்காலனியில் வீதிக்குப் பெயர் வைக்கவில்லை, வீட்டுக்கு எண் கொடுக்கவில்லை. "அருகிலுள்ள அடையாளம்" என்ற கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறப்பேன் என்று போன் அடம்பிடித்தது. தண்ணீர்த் தொட்டி என்று போடலாமென்றால் ஊரில் தொட்டி நாலு, கோயில் என்று போடலாமென்றால் கோயில் ஊருக்கு அந்தக் கடைசியில். எங்கள் ஊரில் வழி சொல்வதே வேறு மாதிரி, செம்மறிக்கிடாய் கட்டின வீடு, பீர்க்கங்கொடி ஏறின வீடு, மாமியாரும் மருமகளும் வாசலில் நின்று கத்துகிற வீடு என்று சொன்னால்தான் வருகிற ஒறம்பரைச் சொந்தபந்தம் வந்து சேரும். சுவரைப் பார்த்தேன், ஜாங்கிரி வெயிலில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. "பூனை படுத்திருக்கும் வீடு" என்று அடித்து அனுப்பினேன். உங்கள் முகவரி உறுதி செய்யப்பட்டது என்று உடனே பதில் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது திம்பம் மலையேறும் பஸ்ஸில் காது அடைக்குமே, அப்படி ஒரு நொடி அடைத்தது. என்னடாவென்று வெளியே எட்டிப் பார்த்தால் எதிரில் அவிநாசியப்பன் அண்ணனின் டீக்கடை. ஜாங்கிரி கடை பெஞ்சின் அடியில் சுருண்டு தூங்குகிறது, வீடு அதன் பக்கத்தில் நிற்கிறது, மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் காய்ந்த துணியும் அப்படியே. இடம் பற்றாத வீதிதான், ஆனால் பஸ்ஸில் இன்னும் ஒரு ஆள் உட்கார மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்களே, அப்படி வீதி நகர்ந்து கொடுத்திருந்தது.

அவிநாசியப்பன் அண்ணன் கரண்டியும் கையுமாக வெளியே வந்து வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, வெயிலு வராம இருக்குமுன்னு இந்தப் பக்கமா வந்துட்டீங்களாக்கு?"

"நான் வரலீங்ண்ணா, ஊடு வந்துருச்சு."

"அதுஞ் செரி. வந்தது வந்துட்டீங்க, டீ குடிக்கிறீங்களா?"

அவ்வளவுதான் ஊர் ஆச்சரியப்பட்டது. அதற்குமேல் ஆச்சரியப்பட ஆளுக்கு ஆள் வேலை இருந்தது. பால் சொசைட்டியில் பால் அளக்கிற ராசாமணி அக்கா மட்டும், கேனைச் சைக்கிளில் மாட்டியபடியே நின்று, கன்னத்தில் கை வைத்தார்.

"அடி ஆத்தீ, வாணி, புது எடத்துக்கு வந்துட்டுப் பால் காய்ச்சாமயா அடுப்புப் பத்த வெச்சே?"

"அக்கா, ஊடு பழசுதானுங்களே."

"ஊடு பழசு, எடம் புதுசு. ஒரு ஊடு ஒரு எடத்துல நின்னா மொதல்ல பால் பொங்கோணும். ரசத்தை எறக்கு."

எறக்கினேன். கேனிலிருந்தே பால் ஊற்றினார், கிழக்கே பார்த்துப் பொங்கியது, டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார்கள். முதல் டம்ளர் யாருக்கு என்று பேச்சு வந்தது. வீட்டைக் கூட்டிவந்தவர்களுக்குத்தானே முதல் மரியாதை என்று ராசாமணி அக்கா ஒரு கிண்ணம் நிறைய ஜாங்கிரி முன்னால் வைத்தார், அது கண்ணைத் திறக்காமலேயே நக்கிக் குடித்தது.

அதன் பிறகு சட்டம் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. ஜாங்கிரி எழுந்து நடந்தால் வீடு நிற்கும், உட்கார்ந்தால் நிற்கும், படுத்துத் தூங்கினால் ஒரு உலை கொதிக்கிற நேரத்தில் வீடு அங்கே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் மேட்டில், திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில், செவ்வாய் காலையில் மாவு மில் பக்கம், சாயங்காலம் மாகாளியம்மன் கோயில் வீதியில். எந்த வீட்டுக்கு எதிரில் நிற்கிறோமோ அந்த வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள், குழாயிலிருந்து இரண்டு குடம் பிடித்து வைத்தார்கள். மூன்றாம் வார்டு உறுப்பினரும் நாலாம் வார்டு உறுப்பினரும் இந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று சண்டை போட்டு, கடைசியில் தேர்தல் அன்றைக்குப் பூனை எங்கே தூங்குகிறதோ அந்த வார்டு என்று சிரித்துக்கொண்டே முடித்துக்கொண்டார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் வேலை முடிந்ததும் போன் செய்வார்.

"வாணி, இன்னைக்கு எங்கெ?"

"இன்னைக்கு உங்க கடைக்குப் பின்னாலதானுங் மாமா. திரும்பிப் பாருங்க."

போன வீதியில் எல்லாம் பால் பொங்கியது, பொங்கின பாலில் முதல் கிண்ணம் ஜாங்கிரிக்குப் போனது, ஒன்பது நாளில் பதினொரு தரம். வீடு வந்த வீதிக்கு நல்லது நடக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மாவு மில் பக்கம் நின்ற அன்றைக்கு அங்கே ஒரு பெண்ணுக்கு வேலைக்கு உத்தரவு வந்ததாம், அந்தப் பெண் பரீட்சை எழுதி ஏழு மாதம் ஆகியிருந்ததை யாரும் சொல்லவில்லை. அப்புறம் வீதிக்கு வீதி போட்டி. பூனையைக் கூப்பிட்டால் வராது, பூனைக்குப் பிடித்ததை வைத்தால் வரும். அதனால் வாசலுக்கு வாசல் தட்டு வைத்தார்கள், கருவாட்டுத் தலை வைத்தார்கள், கோழிக்குழம்பு பிசைந்த சோறு வைத்தார்கள், வெந்த எலும்பு வைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிறந்தநாள் சாக்லேட்டைப் பிய்த்து வைத்தார்கள், தின்று முடித்த ஜாங்கிரி உண்ட மயக்கத்தில் அங்கேயே சாய்ந்தது, வீடு வந்தது, பால் பொங்கியது. ஜாங்கிரியின் வயிறு கழிந்தது. பூனை என்றால் அப்படித்தான் என்றார்கள், நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்சல் மட்டும் வந்தபாடில்லை. டெலிவரி செய்கிற ரெஜினா என்னைவிடப் பெரியவளா சின்னவளா என்று எங்கள் இருவருக்குமே தெரியாததால் அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளை அக்கா என்றேன். அவளுடைய ஸ்கூட்டருக்குச் சைலன்சர் ஓட்டை. அவள் வீதி முனையில் திரும்பும்போதே ஜாங்கிரி பாய்ந்தெழுந்து ஓடும், அந்த அரட்டலில் ஓடின பூனை அடுத்த வீதியில் போய்ப் படுக்கும், அவள் பெட்டியும் கையுமாகக் கதவைத் தட்டக் கை தூக்குவாள், கதவு இருக்காது. என் போனுக்குச் செய்தி வரும், டெலிவரி முயற்சி தோல்வி, வீடு கிடைக்கவில்லை.

"அக்கா, வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட ஒரு பட்டன் இருக்கு. வீடே போயிருச்சுன்னு போட பட்டன் இல்லீங்க," என்றாள் ரெஜினா போனில், மூச்சு வாங்க.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பொருள் கிளம்பிவிட்டது மேடம், கைக்கு வந்து சேரும்வரை முகவரியை மாற்ற முடியாது, வேண்டுமென்றால் ஆர்டரையே ரத்து செய்துகொள்ளுங்கள் என்றது அந்தப் பெண் குரல். இரண்டாம் நாளே சொல்லிவிட்டது. அந்த முகவரி இருக்கும்வரைதான் இந்த ஆட்டம், ரத்து என்று ஒரு விரலால் அழுத்தியிருக்கலாம். நான் அழுத்தவில்லை. வாய்க்கால் ஓரத்தில் நின்ற அன்றைக்குக் கொல்லைக் கதவைத் திறந்து அப்படியே தண்ணீரில் துணி அலசினேன், பள்ளிக்கூட வாசலில் நின்ற அன்றைக்குத் தன்ஷிகா எட்டரைக்கு எழுந்து எட்டே முக்காலுக்கு வகுப்பில் உட்கார்ந்தாள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் நான் ஏறாத வாசல் எல்லாம் என் வாசலைத் தேடி வந்து பால் பொங்கினதைப் பார்த்தன. எனக்கும் ஆசையாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

பத்தாம் நாள் டீக்கடையில் யாரோ விளையாட்டாகத்தான் கேட்டார்கள். "ஏப்பா, பூனை படுத்த எடத்துக்கு ஊடு போகுது, செரி. ஒரு நாளைக்கு அது எந்திரிக்காமயே படுத்துட்டா?"

புதைக்கிற குழியும் படுக்கிற இடம்தானே என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். அவிநாசியப்பன் அண்ணன், "போய் வேலயப் பாருங்கப்பா," என்று போண்டாத் தட்டை டக்கென்று வைத்தார். நான் தன்ஷிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன், உள்ளே வந்த பிறகுதான் வந்ததே அந்த வீட்டுக்குள்தான் என்று உறைத்தது.

பதினோராம் நாள் மத்தியானம் பிள்ளையைத் தூங்கவைத்துக் கண்ணயர்ந்தேன். காது அடைத்தது. எந்த வீதியோ, பால் பாத்திரத்தைக் கழுவலாம் என்று எழுந்து கதவைத் திறந்தால் வீதி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு மஞ்சள் பயிரின் இலை. இடப்பக்கம் மஞ்சக்காடு, வலப்பக்கம் மஞ்சக்காடு, ஆள் இல்லை, தட்டு இல்லை, அக்கா வாங்க என்கிற குரல் இல்லை. பத்து நாளாக ஆளும் தீனியும் இருக்கிற இடமாகப் பார்த்துப் படுத்த பூனை ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு எதற்கு வந்து படுக்கிறது? முடியாமல் போன பூனைதான் ஒளிந்து படுக்கும்.

வீட்டைச் சுற்றி ஓடினேன். கொல்லைப் பக்கம், பாத்தி வரப்பில், இலைகளுக்கு அடியில் ஜாங்கிரி கிடந்தது. அந்தக் காட்டில் ஊரே திரண்டு தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தூக்கினேன், துணி மாதிரி துவண்டது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. என் கையிலேயே ஒன்றுக்குப் போனது, கடுங்காப்பி நிறத்தில்.

"மாமா, ஜாங்கிரிக்கு முடியல. நான் எங்கிருக்கறன்னு எனக்கே தெரியலீங். மஞ்சக்காடு."

"ஊருல பாதி மஞ்சக்காடுதான் வாணி, எந்த மஞ்சக்காடு?"

அழுதுகொண்டே வரப்பில் எக்கி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். அப்போதுதான் இலைகளுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் தனியாக மிதந்து வருவது தெரிந்தது. பெட்டிக்கு அடியில் ரெஜினா. பத்து நாள் பட்ட பாட்டில் புத்தி தெளிந்து, காட்டுக்கு மேலே தெரிந்த எங்கள் மாடித் தொட்டியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, ஸ்கூட்டரை அரை கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிட்டு, பூனை எழுந்துவிடாமல் இருக்கச் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து நடந்து வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்குப் புடிச்சுட்டேன்கா! எண்ணைச் சொல்லுங்க!"

பிறகு என் கையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "பார்சல் கெடக்குது. பாப்பாவைத் தூக்குங்க, ஏறுங்க," என்றாள்.

டெலிவரிப் பையில் இருந்ததை எல்லாம் என் வீட்டுக்குள் கொட்டிவிட்டு, அடியில் துண்டை விரித்து ஜாங்கிரியை வைத்தோம். தன்ஷிகா முன்னால், நான் பின்னால், பை என் மடியில். அந்த ஓட்டைச் சைலன்சர் சத்தத்துக்கு இந்தத் தடவை ஜாங்கிரி காதைக்கூட அசைக்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் எழிலரசி ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மேஜையில் படுக்கவைத்தார், ஈறைப் பார்த்தார், மூச்சை எண்ணினார்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. என்ன சாப்பிட்டுச்சு?"

"என்னென்னமோ சாப்பிட்டுச்சுங் டாக்டர். ஊரே போட்டுச்சு."

"அப்போ ஊரைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உலை கொதிக்கிற நேரம் ஆனதும் மருந்தகக் காம்பவுண்டில், மாடு கட்டுகிற இரும்புச் சட்டத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், எங்கள் வீடு வந்து நின்றது. வீடு அங்கே வந்துவிட்டதைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று ஊரே வந்துவிட்டது. டாக்டர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்விதான். யார் என்ன கொடுத்தீங்க? யாரையும் திட்ட மாட்டேன், மறைச்சா மட்டும் திட்டுவேன். என்னன்னு தெரிஞ்சாத்தான் என்ன பண்றதுன்னு தெரியும். தேடிக்கிட்டே நின்னா சாயங்காலம் தாண்டாது."

சாயங்காலம் தாண்டாது என்றதும் தன்ஷிகா என் புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள். கூட்டத்தில் முதலில் ராசாமணி அக்காதான் முன்னால் வந்தார்.

"நான் பால்தானுங்க குடுத்தேன். பதினொரு தரம். பால் நல்லதுதானுங்களே?"

"குட்டியில தாய்ப்பால் நல்லது. வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் பால் செரிக்காது, வயிறு கழியும். அதுக்குத் தண்ணிதான். ஆனா இது பாலால வந்ததில்லை. அடுத்து?"

"கருவாடுங்க." "உப்பு, ஆகாது. அடுத்து?" "வெந்த எலும்புங்க." "உடைஞ்சா குடலைக் குத்தும். அடுத்து?" "சாக்லேட்டுங்க மிஸ்," என்றது பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று. "அதுவும் விஷம்தான் கண்ணு, எவ்வளவு?" "இத்துனூண்டு." வரிசையாக வந்து ஒவ்வொருவரும் ரேஷன் கடையில் கார்டு நீட்டுவது போல ஒவ்வொன்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். டாக்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், இல்லை இல்லை என்று. அந்த இடைவெளியில் ராசாமணி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, "மேலு சுடறாப்புல இருக்குதுங்க, காச்ச மாத்தரை ஒரு பாதி குடுக்கட்டுங்களா?" என்று மேஜைப் பக்கம் போனார். டாக்டர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "அக்கா! பாராசிட்டமால் அரை மாத்திரை போதும், பூனையைக் கொன்னுடும். மனுஷ மாத்திரை எதையும் அதுக்கிட்டக் காட்டாதீங்க." ராசாமணி அக்கா மாத்திரையை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, அந்தக் கையையே குற்றவாளி மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெங்காயம் இல்லாம இப்படி ஆகாது," என்றார் டாக்டர். "வெங்காயம், பூண்டு, பச்சையோ வெந்ததோ பொடியோ, பூனை ரத்தத்தை உடைச்சுடும். நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். யார் கொடுத்தது?"

அப்போது நானே சொன்னேன். சாம்பார் சாதம், டாக்டர். சின்ன வெங்காயம் போட்டது. வாரத்துக்கு ரெண்டு நாள், குட்டியிலிருந்து. டாக்டர் என்னையே பார்த்தார். "அது கொஞ்சம் கொஞ்சமா. இந்தப் பத்து நாள்ல நிறையப் போயிருக்கு."

கூட்டத்துக்குக் கடைசியில், வேப்பமரத்துக்குப் பின்னால், வேஷ்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அவிநாசியப்பன் அண்ணன் இருமினார்.

"போண்டாங்க."

"என்ன போண்டா?"

"வெங்காய போண்டாங்க. தெனமும் நாலு. அது வந்து படுத்தா ஊடு வரும், ஊடு வந்தா கடைக்குக் கூட்டம் வருமுங்க. உளுந்து போண்டா வெச்சுப் பாத்தேன், திங்கல. வெங்காயம் போட்டாத்தான்..." அவர் வேஷ்டி நுனியை முறுக்கினார். "என்ற கையால போட்டேனுங்க. அது என்ற மொகத்தைப் பாத்துட்டே திங்குமுங்க."

"சொன்னீங்களே, அது போதும்," என்றார் டாக்டர். "இனி என் வேலை."

டிரிப் ஏற்றினார், ஊசி போட்டார், கோபி டவுனில் இருந்து ஏதோ மருந்து வரவழைத்தார், ரெஜினாதான் போய் வாங்கிவந்தாள். ஜாங்கிரி மருந்தகத்தில் நாலு நாள் படுத்திருந்தது, வீடும் மருந்தகத்திலேயே நாலு நாள் நின்றது, நானும் அங்கேயே சோறாக்கி, மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்களுக்கு டீ வைத்துக் கொடுத்து, டாக்டருக்கு மத்தியானச் சாப்பாடு போட்டேன். அந்த நாலு நாளும் யாரும் அங்கே பால் காய்ச்ச வரவில்லை. இரண்டாம் நாள் அது எதையும் தொடவில்லை. ஒரு நாளைக்கு மேல் பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெடும் என்று டாக்டர் குழாயில் ஊட்டினார். மூன்றாம் நாள் உப்பில்லாமல், மசாலா இல்லாமல், எலும்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழியில் ஒரு நார் எடுத்துத் தின்றது. அவிநாசியப்பன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். நாலாம் நாள் ஈறில் ரோஜா நிறம் லேசாகத் திரும்பியது.

"கூட்டிட்டுப் போலாம்," என்றார் டாக்டர். "ஆனா இந்த ஊர்ல திரும்பவும் வாசலுக்கு வாசல் தட்டு வெச்சா, அடுத்த தடவை என்னால ஆகாது."

ரெஜினாவிடம் பேசினேன். அவள் யோசித்துச் சொன்னாள், பெட்டியை நீங்கள் வாங்கிக்கொண்டு எண்ணைச் சொன்னால் ஆர்டர் முடிந்துவிடும், முகவரிக்கும் வேலை முடிந்துவிடும், வீடு அப்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடும். மருந்தகக் காம்பவுண்டில் வீடு நின்றுவிட்டால் சர்க்கார் சும்மா விடுமா? எங்கள் இடத்தில் ஜாங்கிரி தூங்கினால்தான் உண்டு. பூனையைத் தூங்கு என்று சொல்லித் தூங்கவைத்தவர் உலகத்தில் இல்லை.

ராசாமணி அக்கா வீதி வீதியாகச் சைக்கிளில் போய்ச் சொன்னார். பதினாறாம் நாள் காலையில் தேன்கரட்டுப்பாளையத்தில் ஒரு வாசலிலும் தட்டு இல்லை, ஒரு கதவும் திறக்கவில்லை, டீக்கடையில் அன்றைக்கு எண்ணெய்ச் சட்டியே ஏற்றவில்லை. நாங்கள் எங்கள் காலி இடத்தில், வீடு இருந்த அளவுக்கு வெளுத்துக் கிடந்த மண்ணில் உட்கார்ந்திருந்தோம். இறக்கிவிட்டதுமே ஜாங்கிரி எழுந்து போய்விட்டது. வாய்க்கால் மேட்டுக்குப் போனது, மில் பக்கம் போனது, கோயில் வீதியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள், ஒரு அக்கா அழுததாகவும் சொன்னார்கள்.

இங்கே ரெஜினா, மருந்தகத்தில் நின்ற வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்திருந்த பெட்டியைப் பிரித்தாள். ஒட்டு பிரியாத பை, பெயர் சரி, எடை சரி, தேதி இன்னும் பதினொரு மாதம் இருந்தது, பொட்டலத்தில் நசுங்கல் இல்லை, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். பையை வெளியே எடுத்து வைத்தோம். பத்து மணி வாக்கில் ஜாங்கிரி திரும்பி வந்தது, புதுத் தீனியை மோந்து பார்த்தது, டாக்டர் சொன்னபடி வேகவைத்த கோழியோடு ஒரு பிடி கலந்து வைத்ததில் பாதியைத் தின்றது, காலி அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்தது, உள்ளே ஒரு கால் வைத்தது, நாலு காலும் வைத்தது, மூன்று சுற்றுச் சுற்றிச் சுருண்டது.

ராசாமணி அக்கா சத்தமில்லாமல் மூன்று கல் வைத்து உலை ஏற்றினார். அது கொதிக்கிற வரைக்கும் நாங்கள் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தண்ணீர் தளதளத்தது, காது அடைத்தது, வீடு வந்து நின்றது.

"எண்ணைச் சொல்லுங்க, எண்ணை!" என்றாள் ரெஜினா கிசுகிசுப்பாக.

வாய்க்காலும் பள்ளிக்கூட வாசலும் அத்தனை வீதிகளும் கண்ணில் வந்து போயின. அப்புறம் பெட்டிக்குள் ஏறி இறங்குகிற வயிற்றைப் பார்த்தேன். நாலு எண்ணையும் சொன்னேன்.

சாயங்காலம் தன்ஷிகா ஓடி வந்து ஜாங்கிரியைக் காணோம் என்றாள். பெட்டி காலி. எல்லாரும் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம், உலை கொதிக்கிற நேரம் போனது, இரண்டு உலை கொதிக்கிற நேரமும் போனது, வீடு அசையவில்லை. "நட வீடே, நட," என்று தன்ஷிகா சுவரைத் தள்ளினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தேடப் போனேன்.

டீக்கடை பெஞ்சின் அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவிநாசியப்பன் அண்ணன் போண்டாத் தட்டின் மேல் ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து, அந்தச் சட்டியின் மேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணுமே குடுக்கல அம்மிணி. அது பாத்துட்டே இருந்துச்சு, நானும் பாத்துட்டே இருந்தேன். தண்ணி மட்டும் வெச்சேன். தண்ணி வெக்கலாமுங்களா?"

"வெக்கலாமுங்ண்ணா. எவ்வளவு வேணாலும் வெக்கலாம்."

ஜாங்கிரியைத் தூக்கினேன். ஐந்து நாளைக்கு முன் துணியாகத் துவண்டது இப்போது தோளில் நகத்தை ஊன்றித் திமிறியது, கனமாக இருந்தது. வீடு வர ஊர் நடுவில் ஆறு வீதி நடக்க வேண்டும், ஆறிலும் கதவு திறந்து கேட்டார்கள், எப்படி இருக்குது, எப்படி இருக்குது என்று, நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தேன்.